எம்டன் ராத்திரியை மூன்று சிஸ்டத்தில் ஓட்டிப் பாருங்கள்: டேபிள்டாப் ஆர்பிஜி விதிகளை ஒப்பிடும் முறை

டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம், ஆட ஒரு குழு சேர்ந்தால் முதல் மாதம் வாட்ஸ்அப் சண்டையிலேயே போய்விடும். ஒருவருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் (சுருக்கமாக டிஎன்டி) வேண்டும். அவர் கேள்விப்பட்ட பெயர் அது ஒன்றுதான். இன்னொருவர் பாத்ஃபைண்டர் என்பார். யூட்யூபில் ஊறிய மூன்றாமவர் ‘விதி கம்மியா இருக்கிற ஏதாவது’ என்பார். நாலாமவர் எதற்கும் தம்ஸ்-அப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்.

விதிப் புத்தகம் 300 பக்கமா, 30 பக்கமா என்பது ஆடும்போது தெரியவே தெரியாது. தெரிவதெல்லாம் வேறு. ஒரு கேள்விக்கு விடை வர எத்தனை தடவை பகடை உருட்டினோம், எத்தனை தடவை ஆட்டத்தை நிறுத்திப் புத்தகத்தைப் புரட்டினோம், தோற்றபோது கதை நகர்ந்ததா நின்றதா. இந்த மூன்றையும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, ஆடித்தான் பார்க்க வேண்டும். ஒரே காட்சி, அதே நான்கு பாத்திரங்கள், மூன்று சிஸ்டம் (அதாவது விதித்தொகுப்பு), இரண்டு ஞாயிற்றுக்கிழமை: செலவு இவ்வளவுதான். மூன்றுக்கு மேல் போகாதீர்கள். நாலாவது சிஸ்டம் வரும்போது எல்லாருக்கும் அலுத்துவிடும், அந்த அலுப்புக்கான பழி அந்த சிஸ்டத்தின் தலையில் விழும்.

எந்த மூன்று என்று முடிவு செய்யுமுன் நேரக் கணக்கைப் போடுங்கள். ஒருவர் தாம்பரம், ஒருவர் அம்பத்தூர், வீடு வேளச்சேரியில் என்றால் மாலை 6 மணி ஆட்டம் 6:45-க்குத்தான் தொடங்கும். டீ, பஜ்ஜி, ஆபீஸ் புலம்பல் அரை மணி. அதற்குப் பிறகும் வண்டி கிடைக்கும் என்றாலும் 9:30-க்கே பையைத் தூக்கிவிடுவார்கள். கையில் நிற்பது இரண்டேகால் மணி நேரம். ஒரே சண்டைக்கு ஒன்றேகால் மணி கேட்கும் சிஸ்டம் இந்தக் குழுவுக்கு ஒரு மாலைக்கு ஒரு சண்டை மட்டும்தான் தரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் பாதிப் பேர் வராமல் போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சண்டைக்காரர், வைத்தியர், மந்திரக்காரர் என்று வேலையைப் பிரித்துவைத்திருக்கும் சிஸ்டத்தில் ஒருவர் குறைந்தால் மற்றவர்கள் தள்ளாடுவார்கள். பிளேட்ஸ் இன் தி டார்க் மாதிரி ஒரு கும்பலே கதாநாயகனாக இருக்கும் ஆட்டத்தில் இன்றைக்கு யார் வந்தார்களோ அவர்கள்தான் வேலைக்குப் போனவர்கள். மழைக்காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

தேவையான சாமான்

புத்தகம் எதையும் இப்போது வாங்க வேண்டாம். டிஎன்டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள், எஸ்ஆர்டி 5.1 என்ற பெயரில், 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபேட், பிளேட்ஸ் என்ற ஆட்டங்கள் இரண்டின் விதிச்சுருக்கமும் அப்படியே. கெய்ர்ன் முழுக்கவே இலவசம். கர்ப்ஸுக்கு 32 பக்க ‘லைட்’ பதிப்பு இருக்கிறது. கால் ஆஃப் கதுலுவுக்குப் பதிப்பகமே ஒரு குயிக்-ஸ்டார்ட் தருகிறது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் விதிகள் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் இருக்கின்றன. திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையில் சிஸ்டத்துக்கு நான்கு கேரக்டர் ஷீட்டும் இரண்டு பக்கக் குறிப்புத்தாளும் எடுத்தால் போதும். முழு விதியையும் பிரின்ட் போட்டுக்கொண்டு வந்தால் யாராவது அதைப் படிக்க உட்கார்ந்துவிடுவார்கள்.

பகடை ஆளுக்கு ஒரு ஏழு செட்: நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது பக்கத்துக்கு ஒவ்வொன்று, பத்துப் பக்கத்துக்கு இரண்டு. பத்துப் பக்கத்தில் ஒன்று 00, 10, 20 என்று பத்தாம் இடத்தைக் காட்டும். கால் ஆஃப் கதுலுவின் நூறு பக்க ரோலுக்கு அந்த இரண்டும் சேர்ந்தாக வேண்டும். பிளேட்ஸுக்கும் ஃபேட்டுக்கும் சாதா ஆறு பக்கப் பகடை மேசைக்கு எட்டு இருந்தால் தாராளம். ஃபேட் பகடை தனியாக விற்கும், தேடி அலைய வேண்டாம். சாதாப் பகடையில் 1, 2 விழுந்தால் கழித்தல், 3, 4 என்றால் பூஜ்யம், 5, 6 கூட்டல். மொசைக் தரையில் உருட்டினால் நான்கு பக்கப் பகடை பீரோவுக்கு அடியில்தான் போய் நிற்கும், கீழ்வீட்டிலிருந்தும் ஆள் வரும். ஒரு தாம்பாளத்தில் துண்டை விரித்து அதில் உருட்டுங்கள்.

மலிவான பிளாஸ்டிக் பகடைமேல் சந்தேகம் இருந்தால், ஒரு டம்ளர் வெந்நீரில் உப்பு கரையாமல் அடியில் தங்கும்வரை போட்டுக் கலக்கி, ஆறவிட்டு, பகடையை மிதக்கவிட்டுத் தட்டிப் பாருங்கள். பத்து தடவையில் எட்டு தடவை அதே முகம் மேலே வந்தால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது. உலோகப் பகடை மூழ்கிவிடும், அதற்கு இந்தச் சோதனை உதவாது.

சோதனைக் காட்சி

சென்னைக்காரர்களுக்கு விளக்கமே தேவைப்படாத ஒரு ராத்திரி இருக்கிறது. 1914 செப்டம்பர் 22. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியே நின்று சுமார் அரை மணி நேரத்தில் 130 குண்டுகள் அளவுக்குச் சுட்டது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதன் பிறப்பு அங்கேதான். அந்த அரை மணி நேரத்துக்குள் ஜார்ஜ் டவுன் கிடங்கு ஒன்றிலிருந்து ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்துவர வேண்டும் என்று வையுங்கள். கிடங்கும் கணக்கும் நம் கற்பனை.

காட்சியில் ஐந்து முடிச்சு. காவல்காரரைப் பேச்சால் மயக்குவது. முடியாவிட்டால் 12 அடிச் சுவர் ஏறுவது. இருட்டில் 40 பேரேடுகளுக்கு நடுவே சரியானதைக் கண்டுபிடிப்பது. இரண்டு அடியாட்களைச் சமாளிப்பது. கூரை சரியும்போது தப்பி ஓடுவது. பேச்சு, உடல், தேடல், சண்டை, ஆபத்து ஐந்தும் வந்துவிட்டதால் எந்த சிஸ்டமும் தன் பலவீனத்தை ஒளித்துவைக்க முடியாது.

பாத்திரங்கள் நான்கு: துறைமுக குமாஸ்தா, கட்டுமரக்காரர், பட்டாளத்திலிருந்து விலகிய சிப்பாய், ஆஸ்பத்திரி நர்ஸ். எந்த விதிப் புத்தகத்தையும் திறக்கும் முன்பே ஒவ்வொருவருக்கும் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். ‘குமாஸ்தா: கணக்கில் புலி, உயரம் என்றால் நடுக்கம்.’ அதன் பிறகுதான் எண். ஒப்பீடு பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த எண் போடும் இடத்தில்தான். ஒரு சிஸ்டத்தில் புலியை முழுப் புலியாகவும் இன்னொன்றில் பூனையாகவும் போட்டுவிட்டு, ‘இந்த சிஸ்டத்தில் எப்போதும் தோற்கிறோம்’ என்று புகார் சொல்வார்கள்.

புதுப் பாத்திரத்தின் ‘புலி’ அளவை இப்படி வைத்துக்கொள்ளலாம். டிஎன்டி ஐந்தில் +5, அதாவது திறன் 16-க்கு +3, பயிற்சிக்கு +2. கால் ஆஃப் கதுலுவில் 70. கர்ப்ஸில் 14. அபோகலிப்ஸ் வேர்ல்ட் வழிவந்த ஆட்டங்களில் +2. ஃபேட்டில் +4. பிளேட்ஸில் இரண்டு பகடை. சாவேஜ் வேர்ல்ட்ஸில் எட்டுப் பக்கப் பகடை.

பகடை என்ன சொல்கிறது

தாயக்கட்டை உருட்டிய வீட்டுக்கு இந்தக் கணக்கு பாதி தெரிந்தது. ஒரு கட்டையில் வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் சம வாய்ப்பு. இரண்டு கட்டையைச் சேர்த்து உருட்டினால் 16 விதத்தில் 3 நான்கு தடவை விழும். தாயம் இரண்டு தடவை. பன்னிரண்டு ஒரே தடவை. அதனால்தான் பன்னிரண்டு விழுந்தால் வீடே கத்துகிறது. டிஎன்டியின் இருபது பக்கப் பகடை ஒற்றைக் கட்டை மாதிரி: 1, 10, 20 எல்லாம் ஒரே வாய்ப்பு. கர்ப்ஸின் மூன்று ஆறு பக்கப் பகடையில் நடு எண்களே குவியும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. நடுத்தரக் கஷ்டமுள்ள வேலையில், டிஎன்டியில் பகடையும் திறனும் சேர்ந்து எட்ட வேண்டிய இலக்கு 15 என்றால், புலிக்கு 55 சதவீதம். அந்த வேலையே தெரியாதவருக்கு 30. இருவருக்கும் இடைவெளி வெறும் 25. கர்ப்ஸில் மூன்று பகடையின் கூட்டல் திறமை எண்ணுக்குள் விழ வேண்டும்; திறமை 14 இருப்பவர் 90.7 சதவீதம் ஜெயிப்பார். சுவர் ஏறத் தெரியாத சராசரி ஆள் 5-க்குள் உருட்டியாக வேண்டும், 4.6 சதவீதம். குமாஸ்தா சிப்பாயைவிட நன்றாகச் சுவர் ஏறிவிட்டார் என்ற சிரிப்பு டிஎன்டி மேசையில் அடிக்கடி கேட்கும்; கர்ப்ஸ் மேசையில் எப்போதாவதுதான். உங்கள் குழுவுக்கு அந்தச் சிரிப்பு வேண்டுமா என்பதுதான் கேள்வி. திருப்பமும் கலாட்டாவும் பிடித்தவர்களுக்கு ஒற்றைக் கட்டை, ‘இதெல்லாம் நடக்கிற காரியமா’ என்று முகம் சுளிப்பவர்களுக்கு மூன்று பகடை.

கர்ப்ஸில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இருட்டுக்கு நாலு கழித்தால் அந்த 90.7 நேரே 50-க்கு விழும். டிஎன்டியில் நாலு கழித்தால் எப்போதும் 20 சதவீதம்தான் குறையும். வளைவுள்ள பகடையில் சின்னக் கழிவும் சில இடத்தில் பலமாக இடிக்கும், ஜிஎம் (கதையை நடத்துபவர்) கைக்கு வந்தபடி மைனஸ் போடக் கூடாது.

டிஎன்டி ஐந்து கழித்தல் கூட்டலுக்குப் பதில் அட்வான்டேஜ் தருகிறது: இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடு. 11 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்றால் 50 சதவீதம் 75 ஆகும். மேசையில் கணக்குப் போட வேண்டியதில்லை, கூட்டலில் தடுமாறுபவர்கள் இருக்கும் குழுவுக்கு இது பெரிய நிம்மதி. பாத்ஃபைண்டர் இரண்டில் நேர்மாறு. இலக்கை 10 தாண்டினால் கிரிட்டிகல் (இன்னும் பெரிய வெற்றி) என்பதால் ஒரு சின்ன +1 கூட வெற்றியையும் கிரிட்டிகலையும் சேர்த்துத் தூக்கும். அந்த +1-ஐ வேட்டையாடுவதே அந்த ஆட்டத்தின் ருசி. அது ருசிக்காதவர்களுக்கு அது வருமானவரி ஃபாரம்.

சாவேஜ் வேர்ல்ட்ஸில் உச்ச எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டலாம். இதனால் ஒரு வேடிக்கை: 6 எடுக்க நான்கு பக்கப் பகடைக்கு 18.75 சதவீதம், ஆறு பக்கப் பகடைக்கு 16.7. திறமை குறைந்தவருக்கு வாய்ப்பு அதிகம்! கூடவே உருட்டும் வைல்ட் டை என்ற ஆறு பக்கப் பகடையைச் சேர்த்தாலும் 32.3-க்கு 30.6 என்று அந்தக் கோணல் நிற்கிறது. வழக்கமான இலக்கு 4 என்பதால் ஆட்டத்தில் இது உறுத்தாது. ஆனால் குழுவில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தால் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

தோற்றால் என்ன நடக்கிறது

சதவீதத்தைவிட இதுதான் முக்கியம். சுவரையே எடுத்துக்கொள்வோம். குமாஸ்தா ஏறுகிறார், பகடை கவிழ்க்கிறது.

டிஎன்டியில் தோல்வி என்றால் ஏறவில்லை, அவ்வளவுதான். அடுத்து கட்டுமரக்காரர் ‘நான் முயற்சி பண்றேன்’ என்பார், பிறகு நர்ஸ். வேலை தெரியாத நான்கு பேர் தலா 30 சதவீதத்தில் வரிசையாக உருட்டினால் யாராவது ஒருவர் ஜெயிக்கும் வாய்ப்பு 76 சதவீதம். அப்படியென்றால் அந்தச் சுவர் எதற்கு? இதற்கு மருந்து விதியிலேயே இருக்கிறது: குரூப் செக். எல்லாரும் ஒரே முறை உருட்டி, பாதிப் பேர் ஜெயித்தால் குழுவே ஏறிவிட்டது. இதை மறந்துவிட்டு சிஸ்டத்தைத் திட்டுபவர்கள் நிறைய.

கால் ஆஃப் கதுலுவில் தோற்றவர் ரோலை ‘புஷ்’ செய்யலாம். இரண்டாம் தடவை கூடுதலாக என்ன செய்கிறார் என்று சொல்ல வேண்டும், வெறுமனே ‘திரும்ப உருட்டுறேன்’ செல்லாது. ‘செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நர்ஸ் தோளில் கால் வைத்து ஏறுகிறேன்.’ சரி, இப்போதும் தோற்றால் விழுவது இருவரும். அந்த ஒப்பந்தம் பகடைக்கு முன்பே பேசப்படுவதால் மேசையில் ஒரு விநாடி மௌனம் வரும். அந்த மௌனத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அது நல்ல அறிகுறி.

பிளேட்ஸில் உருட்டுமுன் ஜிஎம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: நிலைமை எவ்வளவு மோசம், ஜெயித்தால் எவ்வளவு பலன். இரண்டு பகடையில் பெரியதை எடுத்தால் முழு வெற்றி 30.6 சதவீதம், 4 அல்லது 5 விழுந்து விலைகொடுத்து ஜெயிப்பது 44.4, தோல்வி 25. குமாஸ்தா ஏறிவிட்டார், ஆனால் மேலிருந்த ஓடு தெருவில் விழுந்து உடைந்தது. வேண்டாம் என்றால் எதிர்த்து உருட்டலாம். 6-லிருந்து பகடையில் விழுந்த பெரிய எண்ணைக் கழித்து மீதியை ஸ்ட்ரெஸ்ஸாக, அதாவது மன அழுத்தப் புள்ளியாக, ஏற்க வேண்டும். தோல்வி இங்கே ஒரு பேரமாகிவிடுகிறது.

அபோகலிப்ஸ் வேர்ல்ட் வழியில் இரண்டு ஆறு பக்கப் பகடையும் திறனும்: 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை சிக்கலோடு வெற்றி, 6-க்குள் ஜிஎம் கை ஓங்கும். +1 உள்ளவருக்கு சிக்கலோடு வெற்றி 44.4 சதவீதம். ஒரு செஷனில் 25 ரோல் நடந்தால் சுமார் 11 தடவை ஜிஎம் அந்த இடத்திலேயே ஒரு சிக்கலைக் கற்பனை செய்தாக வேண்டும். இதில்தான் புது ஜிஎம்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறாவது சிக்கலுக்கு மேல் ‘ம்… சத்தம் கேட்டு யாரோ வர்றாங்க’ என்பதே திரும்பத் திரும்ப வரும். முன்கூட்டியே பன்னிரண்டு சிக்கலை ஒரு தாளில் எழுதிவைத்து, பயன்படுத்தியதை அடித்துக்கொண்டே போங்கள். லாந்தர் அணைகிறது, பேரேட்டின் பாதிப் பக்கம் கிழிகிறது, காவல்காரர் குமாஸ்தாவின் தூரத்து மாமா.

தேடலில் கால் ஆஃப் கதுலுவுக்கு ஒரு பொறி இருக்கிறது. ஸ்பாட் ஹிடன் (மறைந்ததைக் கண்டுபிடிக்கும் திறன்) அடிப்படை 25 சதவீதம், லைப்ரரி யூஸ் (ஏடுகளில் தேடும் திறன்) 20. பேரேடு கிடைப்பதே இந்த ரோலில் ஜெயித்தால்தான் என்று வைத்தால் ஆட்டம் அந்த அறையிலேயே செத்துவிடும். பேரேடு கிடைக்கட்டும், எவ்வளவு நேரத்தில் என்பதை ரோல் சொல்லட்டும். ஒவ்வொரு தோல்விக்கும் வெளியே ஒரு குண்டு, ஒவ்வொரு குண்டும் முன்பைவிடப் பக்கத்தில்.

சண்டையைக் கிட்டத்தில் பார்ப்போம்

டிஎன்டி எஸ்ஆர்டி 5.1-இல் ‘தக்’ என்று ஒரு எதிரி இருக்கிறார், பெயரிலேயே அடியாள். சாயுமுன் தாங்கும் சேதம் 32, தற்காப்பு 11. ‘பாண்டிட்’ என்று இன்னொருவர்: 11, தற்காப்பு 12. சிப்பாய் +5-இல் அடித்தால் தக்மீது 75 சதவீதம் விழும்; ஒரு வெட்டு சராசரி 7.5, தவறுவதையும் சேர்த்தால் வீச்சுக்கு 5.6. ஒரு தக்கைச் சாய்க்க கிட்டத்தட்ட ஆறு வீச்சு, பாண்டிட்டுக்கு இரண்டு. பெயரைப் பார்த்து தக்கை எடுத்தவரின் சண்டை 50 நிமிடம் ஓடும். பாண்டிட்டை எடுத்தவரின் சண்டை 15 நிமிடத்தில் முடியும். இரண்டு பேரும் ஒரே சிஸ்டத்தைப் பற்றி எதிரெதிராகச் சத்தியம் செய்வார்கள். இந்தக் காட்சிக்கு பாண்டிட்தான் சரி.

காத்திருப்பையும் கணக்கிடுங்கள். நான்கு பேர், இரண்டு எதிரி: சுற்றுக்கு ஆறு முறை. முறைக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒருவர் தன் முறை திரும்ப வர பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் போன் வெளியே வரும். வந்த போன் உள்ளே போகாது.

கெய்ர்னில் அடி தவறுவதே இல்லை. தாக்குகிறவர் நேராகச் சேதப் பகடையை உருட்டுவார், கவசத்தைக் கழிப்பார். பாதுகாப்பு எண் தீர்ந்ததும் மீதி உடல்வலிமையில் போய் இறங்கும். இறங்கிய பிறகு இருபது பக்கப் பகடையில் அந்த வலிமைக்குள் உருட்டாவிட்டால் ஆள் சாய்ந்துவிடுவார். பாத்திரத்துக்குத் தொடக்கத்தில் பாதுகாப்பு ஒரே ஒரு ஆறு பக்கப் பகடை அளவுதான். எட்டுப் பக்கக் கத்தி இரண்டு முறை இறங்கினால் யாருடைய கதையும் முடியலாம், நம் நர்ஸுடையதும். சண்டை இரண்டு சுற்றில் முடியும் என்பதோடு, இரண்டாவது செஷனில் ஆட்டக்காரர்கள் சண்டையையே தவிர்க்கக் கற்றுக்கொள்வார்கள்: மூட்டை உருட்டிவிடுவது, காசு நீட்டுவது, ‘கப்பல் வந்துடுச்சு ஓடுங்க’ என்று கத்துவது. இந்தக் காட்சிக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஆனால் தன் பாத்திரத்துக்கு மூன்று பக்கம் பூர்வகதை எழுதிவரும் நண்பர் ஒருவர் குழுவில் இருந்தால் கெய்ர்ன் வேண்டாம், மனசு உடைந்துவிடும்.

மேசையில் தமிழ்

எல்லா விதிச்சொல்லையும் தமிழாக்க முனையாதீர்கள். அட்வான்டேஜ், ஸ்ட்ரெஸ், சேவ் எல்லாம் அப்படியே இருக்கட்டும். மொழிபெயர்ப்பு விவாதத்தில் ஒரு செஷன் காணாமல் போகும். தமிழ் உண்மையில் வேலை செய்யும் இடம் ஃபேட்டின் ஆஸ்பெக்ட். பாத்திரத்தைச் சொல்லும் ஒரு வாக்கியம் அது. புள்ளி ஒன்று கொடுத்து அதைப் பிடித்தால் +2, ஜிஎம் அதைவைத்து உங்களை மாட்டிவிட்டால் உங்களுக்கு ஒரு புள்ளி. ஆங்கிலத்தில் எழுதினால் ‘தைரியமான சிப்பாய்’ ரகத்தில் சப்பென்று வரும். தமிழில் எழுதச் சொல்லுங்கள்: ‘கணக்கு தப்பினால் தூக்கம் வராது’, ‘கடலுக்குப் பயமில்லை, காக்கிக்குப் பயம்’, ‘வாயைத் திறந்தால் வம்பு’. எழுதியதும் ஒரு சோதனை: இது எப்போது உதவும், எப்போது காலை வாரும்? இரண்டுக்கும் பத்து விநாடியில் பதில் வராவிட்டால் திருப்பி எழுத வேண்டும். உதவ மட்டுமே செய்யும் ஆஸ்பெக்டால் புள்ளி திரும்ப வராது, பாதி ஆட்டத்தில் கை காலியாகிவிடும். ஃபேட்டைக் கைவிட்ட குழுக்களில் பல இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கும்.

ஓட்டும்போது

மூன்றையும் ஒரே ஜிஎம் நடத்தட்டும். ஆளுக்கு ஒரு சிஸ்டம் என்று பிரித்தால் ஜிஎம்களைத்தான் ஒப்பிடுவீர்கள். ஒரு சிஸ்டத்துக்கு 50 நிமிடம். முதல் ஞாயிறு இரண்டு, அடுத்த ஞாயிறு ஒன்றும் பேச்சும். ஜிஎம்முக்கு ரொம்பப் பிடித்த சிஸ்டத்தை நடுவில் வையுங்கள். சண்டையின் முதல் சுற்று ஒத்திகை. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், புது விதி எல்லாமே முதல் சுற்றில் நொண்டும்.

மூன்றாவது தடவை ஓட்டும்போது காவல்காரருக்கு என்ன வேண்டும், பேரேடு எங்கே என்பதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடமாகியிருக்கும். அதனால் முடிச்சு ஐந்தும் அப்படியே இருக்க, விவரத்தை மட்டும் மாற்றுங்கள். முதல் தடவை காவல்காரருக்குக் காசு ஆசை, அடுத்தது மகள் வியாசர்பாடியில் தனியாக இருக்கிறாள் என்ற பயம், அடுத்தது அவரே ஒரு திருடர்.

குறிப்பெடுப்பது ஜிஎம் வேலை இல்லை. குழுவில் யாருக்கு ஆர்வம் குறைவோ அவரிடம் நோட்டையும் ஸ்டாப்வாட்சையும் கொடுங்கள். நான்கு விஷயம் போதும்: மொத்த ரோல், புத்தகம் புரட்டிய தடவை, ஒருவர் பேசாமல் இருந்த மிக நீண்ட நேரம், தோல்விக்குப் பிறகு ‘இப்ப என்ன பண்றது’ என்று யாராவது கேட்ட தடவை. கடைசியது மூன்றைத் தாண்டினால் அந்த சிஸ்டத்தின் தோல்வி விதி உங்கள் ஜிஎம்முக்குப் பொருந்தவில்லை. புத்தகம் புரட்டியது பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் போனால், குறிப்புத்தாள் சரியில்லையா சிஸ்டம் சரியில்லையா என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் தாள்தான்.

ஒரே காட்சியால் தெரிந்துகொள்ள முடியாத ஒன்று வளர்ச்சி. டிஎன்டியில் ஐந்தாம் லெவலில் சிப்பாய்க்கு இரண்டு வீச்சு, மந்திரக்காரருக்கு ஃபயர்பால், ஆட்டமே வேறு. வருடக்கணக்கில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஐந்தாம் லெவல் பாத்திரங்களோடு ஒரு சண்டை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கால் ஆஃப் கதுலுவில் இந்தக் கவலை குறைவு, அங்கே பாத்திரம் வளர்வதைவிடப் பைத்தியம் ஆவதுதான் வேகம்.

முடிவு எடுக்கும்போது எல்லாருக்கும் பிடித்ததைத் தேடாதீர்கள். வாரம் நான்கு மணி நேரம் தயார் செய்ய ஜிஎம்முக்கு நேரம் இருந்து, சண்டை பிடிக்கும் குழு என்றால் டிஎன்டி அல்லது பாத்ஃபைண்டர். துப்பறியும் கதை, பழைய மெட்ராஸ், முடிவில் யாராவது சாவது பரவாயில்லை என்றால் கால் ஆஃப் கதுலு. தயார் செய்யவே நேரமில்லாத, ஆனால் வாய் சளைக்காத ஜிஎம்முக்கு பிளேட்ஸ். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் குழுவுக்கு கெய்ர்ன். புதிதாக வந்தவர் பத்து நிமிடத்தில் பாத்திரம் செய்து உட்கார்ந்துவிடலாம்.

தேர்ந்தெடுத்த பிறகு ஆறு செஷன் வரை விதியில் கைவைக்காதீர்கள். ஃபேட்டின் புள்ளியை டிஎன்டியில் ஒட்டலாம், கெய்ர்னின் தவறாத அடியைக் கதுலுவுக்குக் கொண்டுபோகலாம் என்றெல்லாம் முதல் வாரமே தோன்றும். தோன்றியதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதிவையுங்கள். ஒரே இடத்தில் மூன்று செஷனில் தடுக்கினால் மட்டும், ஆறாவது செஷன் முடிந்து, ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். புத்தகத்துக்குக் காசு போடுவதும் அதற்குப் பிறகுதான். ஜிஎம்முக்கு ஒரு பிரதி, மேசைக்கு ஒரு பிரதி போதும்.